ஆஃப்டர்பர்னர்: ‘மறுசூடாக்கி’ வேண்டாம், ‘பின்னெரிகலன்’ போதும்

அன்புடையீர், வணக்கம்.

ஒலியின் வேகத்தை மிஞ்சிய முதல் தலைமுறைப் போர்விமானங்களின் எஞ்சின்களுக்கான சொற்பட்டியலில், சுழலியை (டர்பைன்) கடந்து வரும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் ஆஃப்டர்பர்னருக்கு, ‘மறுசூடாக்கி’ என்ற சொல்லை ஏற்கலாம் என்று நண்பர்கள் இருவர் எழுதியிருந்தார்கள். அது ‘ரீஹீட்’ என்ற பிரிட்டிஷ் வழக்கை ஒட்டியது. இந்திய விமானப் படையினரும் அப்படியே சொல்லிப் பழகியவர்கள். ஆனாலும் அந்தச் சொல், நடக்கும் செயலைத் தவறாகக் காட்டுகிறது என்பதால் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

எரியறையிலிருந்து வரும் வாயு நேரே சுழலியின் இதழ்களில் மோதுகிறது. 1950-களின் உலோகக் கலவைகள் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் அளவுக்கே தாக்குப்பிடித்தன. எனவே எரிவதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே செலுத்தி, வெப்பத்தைத் தணித்துத்தான் சுழலிக்கு அனுப்ப முடிந்தது. அதன் விளைவாக, உள்ளே வந்த ஆக்சிஜனில் முக்கால் பங்கு எரியாமலேயே சுழலியைக் கடந்து போனது. அந்த மிச்ச ஆக்சிஜனில் புதிதாக எரிபொருளைத் தெளித்து மூட்டுவதுதான் ஆஃப்டர்பர்னரில் நடக்கும் வேலை. அதற்கு அப்பால் சுழலும் உறுப்பு எதுவும் இல்லாததால், வெப்பம் 1,700 டிகிரியை ஒட்டி ஏறினாலும் குழாய்ச் சுவரைக் குளிர்காற்றுப் படலத்தால் காத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் போர்விமான எஞ்சினான ஜே79-இன் பிற்கால வடிவம் ஒன்றில் சுமார் 11,900 பவுண்டாக இருந்த உந்துவிசை இதனால் 17,900 பவுண்டை நெருங்கியது. எரிபொருள் செலவோ மூன்று மடங்குக்கும் மேல் கூடியது.

ஆக, இங்கே நிகழ்வது எரிப்பு. அனல்மின் நிலையத்தில் சுழலியை ஒருமுறை சுற்றிவிட்டு வந்த நீராவியைக் கொதிகலனுக்குத் திருப்பி அனுப்பிச் சூடேற்றுகிறார்களே, அதுதான் உண்மையான மறுசூடாக்கல். அங்கே நீராவிக்குள் எதுவும் எரிவதில்லை. ‘மறுசூடாக்கி’ என்ற சொல்லை அந்தக் கருவிக்கே விட்டுவைப்போம். ‘உந்துபெருக்கி’ என்ற மற்றொரு பரிந்துரை பயனைச் சொல்கிறது, வழியைச் சொல்லவில்லை. சுழலிக்குப் பின்னால் விசிறி வைத்துக் காற்றைக் கூடுதலாகத் தள்ளினாலும் உந்துவிசை பெருகும். 1946-இல் கைவிடப்பட்ட மைல்ஸ் எம்.52 என்ற பிரிட்டிஷ் ஆய்வு விமானத்துக்காக ஃபிராங்க் விட்டில் குழுவினர் வடிவமைத்த எஞ்சினில், ஆஃப்டர்பர்னர், பின்விசிறி என்ற இரண்டு ஏற்பாடுகளையும் சேர்த்தே திட்டமிட்டிருந்தார்கள். ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் அந்த வரலாற்றைத் தமிழில் எழுதவே முடியாது.

‘பின்’ என்ற முன்னொட்டு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ‘வீட்டுக்குப் பின்’ என்றால் இடம், ‘மழைக்குப் பின்’ என்றால் காலம். இந்த எரிப்பு சுழலிக்குப் பின்னாலும் முதல் எரிப்புக்குப் பிறகும் நிகழ்வதால் இரு பொருளும் பொருந்துகின்றன. ஆனால் ‘பின்னெரிப்பான்’ என்றால் அடுப்பின் பர்னர் அளவுக்குச் சிறிய ஒரு பாகம்தான் கண்முன் நிற்கும். உண்மையில் அது தெளிப்பு வளையங்களும் உள்சுவரும் விரிந்து சுருங்கும் வாயும் கொண்ட நீண்ட குழாய். எனவே செயலுக்குப் ‘பின்னெரிப்பு’ என்றும், முழு அமைப்புக்குப் ‘பின்னெரிகலன்’ என்றும் பிரித்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு.

அதன் உள்ளே தீயை அணையாமல் காக்கும் ஃபிளேம்ஹோல்டருக்கும் ஒரு சொல் வேண்டும். வாயு விரையும் வேகத்தில் தீ நிலைகொள்ளாது. அதனால் குறுக்கே ஆப்பு வடிவ வளையங்களை நிறுத்துகிறார்கள். அவற்றின் மறைவில் வாயு சுழன்று திரும்ப, அந்தச் சுழலில் தீ தங்குகிறது. காற்றடிக்கும் முற்றத்தில் அகல்விளக்கை உள்ளங்கை மறைவில் கொண்டுபோகும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ‘சுடர்நிறுத்தி’ என்ற பரிந்துரையை நான் ஏற்க மாட்டேன். ‘நிறுத்துதல்’ நிலைநாட்டுவதையும் குறிக்கும், ஓய வைப்பதையும் குறிக்கும். எஞ்சினைப் பழுதுபார்ப்பவர் கையேட்டில் அப்படி ஓர் இரட்டைப் பொருள் இருக்கவே கூடாது. ‘சுமைதாங்கி’ வழியில் ‘சுடர்தாங்கி’ என்றால் ஐயம் எழாது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். “1954 ஆகஸ்ட் 11 அன்று பிரிட்டனின் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் பி.1 விமானம் பின்னெரிப்பு இல்லாமலே மட்டப் பறப்பில் ஒலியின் வேகத்தைக் கடந்தது.” “பின்னெரிப்பை மூட்டும்போது வாய் விரியாவிட்டால் சுழலிக்குப் பின்னால் அழுத்தம் ஏறி, முன்னாலுள்ள அமுக்கியில் (கம்ப்ரஸர்) காற்றோட்டம் குலையும்.” “இந்தியாவின் மாருத் போர்விமானத்தின் ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்களில் பின்னெரிகலன் இல்லை.” மூன்றிலும் சொல் தடுக்கவில்லை, ‘மூட்டு’, ‘அணை’ என்ற வினைகளும் தாமாகவே வந்து சேர்கின்றன. மறுப்பு உள்ளவர்கள் இதே வாக்கியங்களைத் தங்கள் சொல்லை வைத்து எழுதிக் காட்டினால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.