நெட்வொர்க் வழியாக டெபியன் 12 (லினக்ஸ்) ஏற்றும்போது லிப்ரே ஆபீஸில் பேக்கேஜ் மோதல், யாராவது உதவுங்கள்

கேள்வி:
ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்குப் பழைய கொம்பியூட்டர் 14 வந்திருக்கிறது. அதில் இரண்டு 32 பிட், டெபியன் 13 இல் அதற்கு இன்ஸ்டாலரே கிடையாது, ஆகவே பிள்ளைகள் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் 12 போடுகிறேன். பிஎக்ஸ்இ மூலம் (அதாவது நெட்வொர்க் வழியாக) பூட் செய்து, இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில்களை எழுதி வைத்த பிரீசீட் கோப்பைக் கொடுத்தால் அடிப்படை சிஸ்டம் ஒழுங்காக ஏறுகிறது. மென்பொருள் நிறுவும் கட்டம் வந்ததும் சிவப்புத் திரை. 32 பிட் இரண்டும் முடிந்துவிட்டன, மற்ற 12 மெஷினும் அதே இடத்தில் நிற்கின்றன. மழை பிடித்தால் இங்கே சிக்னல் போய்விடும், திரும்பத் திரும்ப இறக்கிப் பார்க்க டேட்டாவும் இல்லை. திங்கட்கிழமை பாடம் தொடங்க வேண்டும்.

பதில்:
தம்பி, சிவப்புத் திரையில் ஒன்றும் தெரியாது. ஆல்ட்டையும் எஃப்4ஐயும் சேர்த்து அழுத்துங்கள், லாக் வரும், அதில் கடைசி வரிகளைப் போடுங்கள். 32 பிட்டுக்கும் இதே பிரீசீட்தானா?

கேட்டவர்:
இல்லை அண்ணா, அது வேறு கோப்பு. 64 பிட் கோப்பில் மட்டும் லோக்கல்0 ரெப்போசிட்டரி வரி (என் சேர்வரிலிருந்தும் பேக்கேஜ் எடுக்கச் சொல்லும் வரி) இருக்கிறது. டேட்டா மிச்சம் பிடிக்க என் லேப்டாப்பில் இருந்த லிப்ரே ஆபீஸ் டெப் கோப்புகளை (டெபியன் பேக்கேஜ்களை) சேர்வரில் போட்டிருந்தேன். லாக்கில், லிப்ரே ஆபீஸ் கோருக்கு லிப்சி6 (மற்ற மென்பொருட்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி) 2.38 அல்லது அதற்கு மேல் வேண்டும், நிறுவப்படுவது 2.36 என்று வருகிறது.

பதில்:
லேப்டாப் டெபியன் 13 என்று நினைக்கிறேன். 12 இன் லிப்சி6 2.36, 13 இல் அது 2.41. அடிப்படை சிஸ்டம் ஏறிய பிறகுதான் லோக்கல்0 சேரும், அதனால்தான் அதுவரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஆப்ட் (பேக்கேஜ்களை நிறுவும் கருவி) பெரிய வெர்ஷனைப் பார்த்து உங்கள் சேர்வரில் இருப்பதையே பிடிக்கிறது, அதற்கேற்ற லிப்சி6 எங்கேயும் இல்லை. தயவுசெய்து 13 இன் லிப்சி6ஐயும் கொண்டுவந்து போட்டுவிடாதீர்கள், இன்றைக்கு ஏறினாலும் அது இரண்டுங்கெட்டான் சிஸ்டம், நாளைக்கு அப்டேட் செய்யும்போது பிள்ளைகள்தான் அவதிப்படுவார்கள். லோக்கல்0 வரியை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு பதில்:
டேட்டாவுக்கு வழி இருக்கிறது தம்பி. சேர்வரில், இறக்கிய பேக்கேஜ்களைச் சேமித்து வைக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டு, பிரீசீட்டில் மிரர் புரொக்சியாக சேர்வரின் ஐபியையும் 3142 போர்ட்டையும் கொடுங்கள். முதல் மெஷின் மட்டும் வெளியிலிருந்து இறக்கும், மற்றவை சேர்வரிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

கேட்டவர்:
ஆமாம், லேப்டாப் 13 தான். வரியை எடுத்து, அக்கா சொன்னபடி புரொக்சியும் கொடுத்தேன். முதல் மெஷின் இரவெல்லாம் இழுத்தது, காலையில் வந்து பார்த்தால் லொகின் திரை நின்றது, லிப்ரே ஆபீஸ் 7.4. அடுத்த நான்கும் முடிந்துவிட்டன, இப்போது ஆறாவது ஓடுகிறது. இருவருக்கும் மிக்க நன்றி.

இன்னொரு பதில்:
சந்தோஷம் தம்பி. ஒரு விஷயம், அந்த புரொக்சி ஒவ்வொரு மெஷினிலும் ஆப்ட் அமைப்பில் பதிந்திருக்கும். சேர்வரைக் கழற்றினால் அந்த வரியையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அப்டேட் வராது.