பறவை பாதி, சீட்டு பாதி

அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டியில் சிறகு விரித்து நிற்கும் பறவை பார்வையாளர்களுக்கானது. ஆய்வுக்கு வைப்பது மல்லாந்து படுத்த, கண்ணில் பஞ்சு தெரியும் ‘தோல்’, அதாவது உடலை நீக்கி இறகோடு பஞ்சடைத்த பறவை. கத்தியை எடுக்கும் முன்பே எடை, கண்ணின் நிற வளையம், அலகு, கால் ஆகியவற்றின் நிறத்தைக் குறித்துவிட வேண்டும். காய்ந்தால் அந்த நிறங்கள் போய்விடும். வாயையும் கழிவுத் துளையையும் பஞ்சால் அடைத்து, நெஞ்செலும்பின் கீழ்முனையிலிருந்து கழிவுத் துளைக்குச் சற்று முன்வரை கீறுங்கள். ஈரம் கசியும் இடத்தில் மக்காச்சோள மாவு தூவுங்கள். முழங்காலிலும் வால் அடியிலும் வெட்டி, கையுறையைக் கழற்றுவதுபோல் தலைவரை புரட்டுங்கள். புறாவும் பக்கி என்னும் இரவுப் பறவையும் பொறுமையைச் சோதிக்கும். கொஞ்சம் இழுத்தாலும் தோல் கிழிந்து இறகு கொத்தாக உதிரும். வாத்துக்கும் மரங்கொத்திக்கும் கழுத்துத் தோல் வழியே தலை வராது, பின்தலையில் தனிக் கீறல் வேண்டும்.

புதியவர்கள் அதிகம் கெடுப்பது கழுத்தை. ஈரத் தோல் இழுத்த இழுப்புக்கு நீளும், அப்படியே காய்ந்தும் விடும். உரித்த உடலைப் பக்கத்தில் வைத்து, அதன் அளவுக்கே குச்சியில் பஞ்சு சுற்றுங்கள். அந்த உடலை உடனே வீசிவிடாதீர்கள். விந்தகமா, இடப்பக்கச் சூலகமா என்று பார்த்து மில்லிமீட்டரில் அளந்து எழுதிய பிறகு, நெஞ்சுத் தசைத் துண்டு ஒன்றை 95 சதவீத எத்தனாலில் போட்டு வையுங்கள்.

*

உரிப்பதை ஆறு மாதத்தில் கற்றுவிடலாம். கிடைத்த இடமும் தேதியும் குறித்துத் தோலோடு கட்டும் சீட்டை எழுதும் ஒழுக்கம்தான் வர மாட்டேன் என்கிறது. 3.4.98 என்று எழுதினால் ஏப்ரலா மார்ச்சா? எந்த நூற்றாண்டு? மாதத்தை எழுத்தில், ஆண்டை முழுதாக, கெட்டியான தாளில் கறுப்பு இந்தியன் இங்கில் எழுதுங்கள். பால்பாயிண்ட் மங்கிவிடும். கொழுப்பைச் சரியாகச் சுரண்டாத வாத்துத் தோலிலிருந்து எண்ணெய் கசிந்து சீட்டையே மஞ்சளாக்கி அரிக்கும்.

பொய்ச் சீட்டு என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவின் காட்டுச் சிற்றாந்தையைச் சொல்லலாம். 1884க்குப் பிறகு அதன் நம்பகமான மாதிரி எதுவும் கிடைத்திருக்கவில்லை. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியும் பறவை சேகரிப்பாளருமான ரிச்சர்ட் மைனெர்ட்ஸ்ஹாகன் 1914இல் குஜராத்தில் எடுத்ததாகச் சீட்டுக் கட்டிய தோல் ஒன்று இருந்தது. அதை நம்பித் தேடியவர்களுக்குப் பறவை கிடைக்கவில்லை. அமெரிக்கப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசென் அருங்காட்சியகத் தோல்களைச் சோதித்தபோது, அது ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் முன்பே சேகரித்த தோல், மைனெர்ட்ஸ்ஹாகன் திருடி மறுபடி பஞ்சடைத்தது என்று தெரியவந்தது. ராஸ்முசென் குழுவினர் அந்த இடத்தை ஒதுக்கி, உண்மையான சீட்டுகள் காட்டிய பக்கம் தேடினார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே ஆந்தை கிடைத்தது.

2009இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் 299 தோல்கள் திருடுபோயின. மீட்டவற்றில் பலவற்றுக்குச் சீட்டு இல்லை. இறகு முழுதாக இருந்தாலும் ஆய்வுக்கு அவை பாதிக்கு மேல் செத்தவை.

*

சேகரிப்பைக் காப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். இழுப்பறையில் தோலுக்கு அடியில் மெல்லிய தூளும் மயிரடர்ந்த புழுச் சட்டையும் கண்டால் தோல் வண்டு வந்துவிட்டது. அந்த ஒரு தோலை மட்டும் எடுத்துப் பயனில்லை, இழுப்பறை முழுவதையும் பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரித்தால் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். அறை வெப்பத்துக்கு வர ஒரு நாள் விடுங்கள். கடலோர ஊர்களில் செலவை மிச்சம் பிடிக்க இரவில் ஏசியை நிறுத்தும் வழக்கம், ஈரம் ஏறுவதால், வண்டைவிடக் கெடுதல். அந்துருண்டை போட்டால் போதும் என்று நம்பாதீர்கள்.

பழைய தோல்களில் ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்த சோப்பு பூசியிருப்பார்கள். கையுறை இல்லாமல் தொடக் கூடாது, அந்த மேசையில் தேநீரும் கூடாது.

*

சாலையில் அடிபட்ட பறவையைக் கொண்டுவரலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறை அனுமதி வேண்டும். நல்ல எண்ணம் அனுமதி ஆகாது. அனுமதியோடு எடுத்தால் இறகு நனையாமல் பையில் போட்டு உறைய வையுங்கள். கிடைத்த இடத்தையும் தேதியையும் பென்சிலில் எழுதிய துண்டுத் தாளும் அதே பைக்குள் இருக்கட்டும். பைமேல் மார்க்கரில் எழுதியது ஃப்ரீசர் ஈரத்தில் அழிந்துவிடும்.