மெகா டிரைவ் 2-ஐ டைப்-சிக்கு மாற்றினேன், படத்தில் கோடு விழுகிறது

காரைக்குடியில் இருக்கிறேன். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த செகா மெகா டிரைவ் 2 வீடியோ கேம் கன்சோல். அதன் 10 வோல்ட் அடாப்டர் செத்துவிட்டது. போன வாரம் பழைய பவர் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, டைப்-சி வைத்த 9 வோல்ட் பிடி டிரிகர் போர்டைப் (சார்ஜரிடம் 9 வோல்ட் கேட்டு வாங்கும் சின்ன போர்டு) பொருத்தினேன். கேம் ஓடுகிறது. ஆனால் படத்தில் சாய்வாகக் கோடுகள், ஸ்பீக்கரில் கொய்யென்று இரைச்சல்.

சார்ஜர், கேபிள் மாற்றியாயிற்று. பவர் பேங்கிலும் இதே கதைதான். மல்டிமீட்டரில் 9 வோல்ட் அசையாமல் நிற்கிறது. கன்சோலுக்குள் அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 ரெகுலேட்டர் தருவதும் சரி. ரெகுலேட்டருக்குள் மின்சாரம் வரும் பக்கம் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டதில் கோடு கொஞ்சம் மங்கியது, இரைச்சல் அப்படியே. வேறொரு பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரை ஒயரில் கொடுத்தால் மட்டும் படம் சுத்தம். இங்குள்ள டிவி மெக்கானிக் “புதுசா வாங்கிக்கங்க தம்பி” என்கிறார்!

டிரிகர் போர்டுக்கும் 7805-க்கும் நடுவே என்ன மதிப்பில் காயிலும் கெப்பாசிட்டரும் போட்டால் இது போகும்?