அவசரம்: தீசிஸில் ரெஃபரன்ஸ் நம்பர் எல்லாம் குழம்பிவிட்டது

வைகைக்கரை:
எம்.எஸ்சி. நர்சிங் தீசிஸ். கைடு சொன்னபடி அறிமுகத்தில் இரண்டு பத்திகளை இடம் மாற்றினேன். இப்போது முதல் வரியிலேயே 14 நிற்கிறது, அப்புறம் 3, அப்புறம் 1. ரெஃப்ரெஷ் கொடுத்தும் மாறவில்லை. திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். உதவுங்கள்.

பென்சில்முனை:
ரெஃபரன்ஸ் போட எந்த சாஃப்ட்வேர்? ஸோட்டெரோவா, மெண்டலேவா, கையால் அடித்ததா? ரெஃபரன்ஸ் எழுதும் ஸ்டைல் எது?

தரவுப்பித்தன்:
ஸ்டைல் ஏபிஏ ஆகியிருக்கும். வான்கூவருக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

பென்சில்முனை:
ஏபிஏ என்றால் பெயரும் ஆண்டும் அல்லவா வரும்? அவருக்கு நம்பர் வருகிறதே.

பழைய நூலகர்:
இதெல்லாம் அடிப்படை. வான்கூவரில் முதலில் சுட்டுவது 1. அதே கட்டுரை பிறகு எத்தனை முறை வந்தாலும் அதே 1. மருத்துவ இதழாசிரியர்கள் 1978இல் வான்கூவரில் கூடியதிலிருந்து வந்த முறை. மென்பொருளைத் தொடுவதற்கு முன்பே இதைப் படித்திருக்க வேண்டும்.

வைகைக்கரை:
வான்கூவர்தான். ஸோட்டெரோ, வேர்டு.

பென்சில்முனை:
நம்பர் மேல் க்ளிக் செய்தால் சாம்பல் நிறம் வருகிறதா? ஆல்ட்டையும் எஃப்9ஐயும் சேர்த்து அழுத்துங்கள். ஸோட்டெரோ பெயரோடு நீளமான குறியீடு தெரியாவிட்டால், அவை ஸோட்டெரோவோடு தொடர்பு அறுந்து வெறும் எழுத்தாகிவிட்டன. ஃபைலை வேறு யாராவது திருத்தினார்களா?

வைகைக்கரை:
நிறமும் வரவில்லை, குறியீடும் வரவில்லை. கைடு ஃபோனில் வேறு ஏதோ ஆப்பில் திருத்தி அனுப்பிய ஃபைல் இது. இன்னொரு சந்தேகம்: சில ஆய்வுகளைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்தேன். மூலக் கட்டுரையின் பெயரைப் போடலாமா?

தரவுப்பித்தன்:
போடலாம், எல்லாரும் போடுகிறார்கள். விவரம் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் கிடைக்கும்.

பழைய நூலகர்:
கூடவே கூடாது. 1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் ஓபியாய்டு (அபின் வகை) வலிமருந்து பெற்றவர்கள் அதற்கு அடிமையாவது அரிது என்றது. 2017இல் எண்ணிப் பார்த்தபோது 608 இடங்களில் அதைச் சுட்டியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர், அது மருத்துவமனையில் இருந்த நோயாளிகளைப் பற்றியது என்பதையே சொல்லவில்லை. படிக்காமல் சுட்டினால் தவறு மருந்துச்சீட்டு வரைக்கும் போய்விடும்.

தரவுப்பித்தன்:
அது அமெரிக்காவில். இங்கே பாதிக் கட்டுரைகள் காசு கட்டினால்தான் திறக்கும். மாணவர் என்ன செய்வார்?

பழைய நூலகர்:
புத்தகத்தைப் படித்தால் புத்தகத்தையே சுட்டட்டும். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

குறிஞ்சிமலர்:
கட்டுரை ஆசிரியருக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். பலர் பிடிஎஃப் அனுப்புவார்கள்.

பென்சில்முனை:
வைகைக்கரை, கைடுக்கு அனுப்புவதற்கு முன்பிருந்த ஃபைலைத் தேடுங்கள். அதில் பத்திகளை மாற்றி ரெஃப்ரெஷ் கொடுங்கள். வேர்டில் இரண்டு ஃபைலையும் ஒப்பிடும் வசதி உண்டு. கைடின் திருத்தங்களை அதில் பார்த்துக் கையால் ஏற்றுங்கள்.

வைகைக்கரை:
பழைய ஃபைல் மெயிலில் இருந்தது. நம்பர் சரியாகிவிட்டது. ரொம்ப நன்றி.

குறிஞ்சிமலர்:
மெண்டலேவுக்கும் இதே வழிதானா?