ஃப்ளை ஃபிஷிங் பண்ண சின்ன தட்டை போட், எத எடுக்கறது?

கரையோரம்:

வணக்கம் எல்லாருக்கும். ஆறு வருஷமா கரையில நின்னும் இடுப்பளவு தண்ணில இறங்கியும்தான் ஃப்ளை (பூச்சி மாதிரி கட்டின லேசான தூண்டில் கொக்கி) வீசிட்டு இருக்கேன், இப்ப ஒரு சின்ன போட் வாங்கியே ஆகணும்னு முடிவு பண்ணிட்டேன். நான் போறது ஒரு நடுத்தர ஏரி, ஓரமெல்லாம் நாணல், முட்டியளவு தண்ணி, மீன் நிக்கறதும் அங்கதான். கரையிலேர்ந்து வீசினா பின்னாடி போற லைன் நாணல்ல மாட்டுது, தண்ணிப்பக்கத்துலேர்ந்து கரைய பாத்து வீசினாத்தான் ஃப்ளை சரியான எடத்துல விழும்.

அதுக்கு தட்டை அடி ஜான் போட்தான் சரின்னு தோணுது. அலுமினியத்துல 1236, 1436, 1448னு மூணு சைஸ் பாத்து வெச்சிருக்கேன். மனசு 12 அடி நீளத்துலதான் நிக்குது, லேசா இருக்கும், தூக்கறது ஈசி. பாதி நாள் தனியா போவேன், பாதி நாள் தம்பியும் வருவான். நின்னுக்கிட்டு வீசணும், அது ரொம்ப முக்கியம், உக்காந்து வீசினா என் பேக் காஸ்ட், அதான் பின்னாடி வீசற லைன், தண்ணிய தொட்டுடுது. பெட்ரோல் மோட்டார் வேணாம், எலக்ட்ரிக் போதும். முன்பக்கம் உயரமா ஒரு மேடை கட்டிக்கலாம்னும் ஒரு யோசனை இருக்கு, தூரத்துல நிக்கற மீன் தெரியுமேன்னு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

நாணல்காத்து:

தம்பி, 12 அடியா 14 அடியாங்கறது அப்புறம். மொதல்ல அந்த நம்பரோட கடைசி ரெண்டு இலக்கத்த பாருங்க. 1436னா 14 அடி நீளம், அடித்தட்டோட அகலம் 36 இன்ச். 1448னா அதே நீளம், அடித்தட்டு 48 இன்ச். நின்னு வீசறவங்களுக்கு அந்த 12 இன்ச்தான் எல்லாமே. தட்டை போட் ஒரு பக்கம் சாயறப்ப அத திருப்பி நிமித்தற பலம் இருக்கே, அது அகலத்தோட மூணாவது அடுக்குக்கு (அகலம் × அகலம் × அகலம்) ஏறும். 36லேர்ந்து 48க்கு போனா அகலம் மூணுல ஒரு பங்குதான் கூடுது, ஆனா நிமித்தற பலம் கிட்டத்தட்ட 2.4 மடங்கு ஆயிடுது. நீளம் அப்படி இல்ல, 12லேர்ந்து 14க்கு போனா ஆறுல ஒரு பங்கு கூடும், அவ்வளவுதான். அதனால 1236லேர்ந்து 1436க்கு போறது சின்ன படி, 1448க்கு போறதுதான் பெரிய படி.

மேடை விஷயத்துக்கு வரேன். நீங்க 75 கிலோன்னு வெச்சுக்குவோம், போட் சாமான் எல்லாம் சேத்து மொத்தம் 250 கிலோ. 30 சென்டிமீட்டர் மேடை மேல ஏறி நின்னா மொத்த எடையோட மையம் 9 சென்டிமீட்டர் மேல போயிடும். 48 இன்ச் போட் அத தாங்கிக்கும், 36 இன்ச்ல காலுக்கு கீழ உடனே தெரியும். நான் 36 இன்ச்ல மேடை போட்டு ஒரு சீசன் ஓட்டினவன். ஒரு சாயங்காலம் நல்ல மீன் ஒண்ணு எடுத்துச்சு, நேரா போட்டுக்கு அடியில ஓடிச்சு, நான் ராடோட அந்தப் பக்கம் சாஞ்சேன், போட்டும் கூடவே சாஞ்சுது, தண்ணிக்குள்ள போயிட்டேன். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், தண்ணியும் குளிர் இல்லாத காலம், அதனால நீந்தி வந்து போட்ட புடிச்சேன். அன்னிக்கே மேடைய கழட்டிட்டேன்.

தண்ணி ஆழம் பத்தி கவலை வேணாம். 1448 மாதிரி போட் ஒரு சென்டிமீட்டர் அமுங்கறதுக்கு சுமார் 40 கிலோ வேணும், ரெண்டு பேரு பேட்டரி மோட்டார் எல்லாம் சேத்து 320 கிலோன்னா 8 சென்டிமீட்டர்தான் உள்ள போகும். அகலம் கூடினா அமுங்கறது குறையுமே ஒழிய கூடாது. தரை தட்டறதுன்னா மொதல்ல மோட்டார் ப்ரொப்பல்லர்தான் தட்டும், நாணல் கிட்ட போனதும் அத தூக்கிட்டு கழி ஊன்றி தள்ளுங்க, சத்தமும் இருக்காது.

வெள்ளிச்செதில்:

அண்ணன் அகலம் பத்தி சொன்னது அப்படியே உண்மை. நான் சொல்ல வர்றது லைன் மாட்டறது பத்தி, இத வாங்கறதுக்கு முன்னாடி யாருமே யோசிக்கறதில்ல. சாதாரண தூண்டில்னா லைன் ரீல்லயே இருக்கும், நமக்கு இழுத்து போட்ட லைன் எல்லாம் கால் கிட்ட தரையில கெடக்கும், 10 மீட்டர் 12 மீட்டர். கயிறு கட்டற கொக்கி, துடுப்பு மாட்டற வளையம், மோட்டார் பெடல், பேட்டரி வயர், நங்கூரக் கயிறு, ஷூ லேஸ் வரைக்கும் ஒண்ண விடாம போய் சுத்திக்கும், அதுவும் நல்ல மீன் ஓடற நேரம் பாத்து சுத்தும். அதனால கடையில போட்டுக்குள்ள ஏறி நின்னு, நீங்க நிக்கப்போற எடத்துலேர்ந்து ரெண்டு கை நீளத்துக்குள்ள என்னென்ன துருத்திக்கிட்டு இருக்குன்னு எண்ணுங்க. நடுவுல குறுக்கு பெஞ்ச் ரெண்டு மூணு இருக்கற மாடல விட முன்பக்கம் தரை காலியா இருக்கற மாடல் நமக்கு ஒசத்தி. பெடல் மோட்டார் வேணாம், கைப்பிடி வெச்சு ஓட்டறத பின்பக்கம் மாட்டிக்கிட்டா முன்பக்கம் முழுசா உங்களுக்கு. மிச்சம் இருக்கற கொக்கி மேல எல்லாம் ஒரு ஈரத்துணியோ பழைய வலையோ போட்டு மூடுங்க, பாதி பிரச்சனை தீந்துடும்.

இன்னொண்ணு சத்தம். அலுமினியம் தரையில ஒரு பாட்டில் விழுந்தாலே தண்ணிக்குள்ள போய் சேந்துடும், தண்ணில சத்தம் காத்துல போறத விட 4 மடங்குக்கு மேல வேகமா போகும், முட்டியளவு தண்ணில நிக்கற மீன் ஒடனே கெளம்பிடும். தரையில ரப்பர் ஃபோம் ஷீட் ஒட்டுங்க. கார்ப்பெட் ஒட்டாதீங்க, தூண்டில் கொக்கி எல்லாம் அதுல குத்திக்கும், ஈரமும் காயவே காயாது.

ரெண்டு பேரு போறப்ப ஒருத்தர்தான் வீசணும், இன்னொருத்தர் கழி புடிக்கட்டும், மீன் எடுத்ததும் மாத்திக்குங்க. ஒரே நேரத்துல ரெண்டு பேர் வீசினா கொக்கி எங்க பறக்குதுன்னே தெரியாது. கண்ணாடியும் தொப்பியும் ரெண்டு பேருக்குமே கட்டாயம்.

கரையோரம்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, மூணாவது அடுக்கு கணக்கு எனக்கு தெரியவே தெரியாது. அப்ப 1448 பக்கம்தான் போகணும் போல, மேடையும் இப்போதைக்கு வேணாம், தரைய மட்டும் ப்ளைவுட் போட்டு சமமா ஆக்கிக்கறேன். தண்ணி படற எடமாச்சேன்னு மருந்து ஏத்தின ப்ளைவுட் போடலாமா? அப்புறம் பழைய 1448 ஒண்ணு விலைக்கு வருது, பாக்க நல்லாத்தான் இருக்கு, என்னென்ன செக் பண்ணணும்?

உளிச்சத்தம்:

மருந்து ஏத்தின ப்ளைவுட் வேணவே வேணாம் தம்பி, இத அழுத்தி சொல்றேன். அந்த மருந்துல பெரும்பாலும் செம்பு இருக்கும், செம்பும் அலுமினியமும் ஈரத்துல சேந்தா அலுமினியத்த அரிச்சு ஓட்டை போட்டுடும். சாதாரண வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட் எடுத்து ஓரம் உட்பட எல்லா பக்கமும் எபாக்ஸி பிசின் ரெண்டு மூணு கோட் அடிச்சு போடுங்க, ஸ்க்ரூ ஓட்டைய கூட எபாக்ஸியால நிரப்பிட்டு திரும்ப துளைங்க. ஸ்டெயின்லெஸ் போல்ட் நேரா அலுமினியத்த தொடற எடத்துல நைலான் வாஷர் வைங்க.

பழைய போட்டுன்னா தண்ணில விட்டு பாக்கறத விட தண்ணிய உள்ள ஊத்தி பாருங்க. ட்ரெய்லர் மேலயே இருக்கட்டும், வடிகால் மூடிய போட்டு 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு தண்ணி நிரப்பி அரை மணி நேரம் விடுங்க, கீழ படுத்து பாத்தா எந்த ரிவெட் (தகடுகள இணைக்கற ஆணி) ஒழுகுதுன்னு சொட்டு சொட்டா தெரிஞ்சுடும், சாக்பீஸ்ல குறி போட்டுக்கலாம். நாலு அஞ்சு ரிவெட் ஒழுகினா பயப்படாதீங்க, மாத்திடலாம். வெல்டிங் ஓரமா விரிசல் இருந்தா மட்டும் வேணாம்னு வந்துடுங்க. அப்புறம் மோட்டார் மாட்டற பின்பலகை, அதுக்குள்ள மரம் இருக்கும், ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடியால தட்டிக்கிட்டே வாங்க, கட்டியான சத்தம் போய் மொத்துனு கேட்டா உள்ள உளுத்துப்போச்சுன்னு அர்த்தம். பெஞ்சுக்கு அடியில மிதக்கறதுக்கு வெச்ச ஃபோம் தண்ணி குடிச்சிருக்கான்னும் பாக்கணும், அதுக்கு எடை போட்டு பாக்கறது ஈசியான வழி. கம்பெனி சொன்ன எடைய விட 20, 30 கிலோ கூட இருந்தா தண்ணி உள்ள இருக்கு.

தகடு தடிமனும் கேளுங்க. சின்ன போட்ல 1.3 மில்லிமீட்டர்லேர்ந்து 2.5 வரைக்கும் வரும், பாறை இருக்கற எடம்னா தடிமனா எடுங்க, உங்க நாணல் ஏரிக்கு நடுத்தரமே போதும்.

மேற்குக்காத்து:

எல்லாரும் ஜான் போட்டுன்னே பேசறீங்க, நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. தட்டை அடி நின்ன தண்ணில மேஜை மாதிரி இருக்கும், உண்மை. ஆனா காத்து எழும்பி சின்ன அலை வந்தா முன்பக்கம் பட்டு பட்டுனு அடிக்கும், ஒவ்வொரு அடியும் மீனுக்கு கேக்கும், தண்ணியும் மேல தெறிக்கும். உங்க ஏரி எவ்வளவு அகலம், மத்தியானம் காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு யோசிங்க. நடு ஏரிய தாண்டித்தான் நாணலுக்கு போகணும்னா முன்பக்கம் மட்டும் லேசா வி மாதிரி இருந்து பின்னாடி தட்டையாகற மாடல் பாருங்க, நிக்கறதுக்கு கொஞ்சம்தான் கொறைச்சல், அலைய வெட்டிக்கிட்டு போகும்.

ஓடற ஆத்துக்கும் கொண்டு போற எண்ணம் இருந்தா ஜான் போட் சரி வராது. ஆத்து ட்ரிஃப்ட் போட்டும் தட்டை அடிதான், ஆனா முன்னும் பின்னும் வாழப்பட்டை மாதிரி வளைஞ்சு மேல ஏறும், அதனால துடுப்பால ஒரு இழுப்புல நின்ன எடத்துலயே திரும்பும். நேரான அடி உள்ளது அப்படி திரும்பாது. ஓட்டத்துல ஜான் போட்ட பின்பக்கத்துலேர்ந்து நங்கூரம் போட்டு நிறுத்தவே நிறுத்தாதீங்க, பின்பலகை தாழ்வா இருக்கும், மோட்டார் எடையும் அங்கதான், தண்ணி ஏறி நிமிஷத்துல முழுகிடும்.

மோட்டார் கணக்கு சிம்பிள், 45 கிலோ மொத்த எடைக்கு 2 பவுண்டு த்ரஸ்ட் (மோட்டார் தள்ளற விசை). 320 கிலோவுக்கு 15 போதும்னு வரும், ஆனா அது காத்து இல்லாத நாளுக்கு. எதிர்காத்துல திரும்பி வரணும், அதனால 40லேர்ந்து 55க்குள்ள எடுங்க, 55 வரைக்கும் ஒரே 12 வோல்ட் பேட்டரி போதும். 55 த்ரஸ்ட் முழு வேகத்துல 50 ஆம்பியர் கிட்ட இழுக்கும், 100 ஆம்பியர் ஹவர் பேட்டரி ரெண்டு மணி நேரம் கூட தாங்காது, மெதுவா ஓட்டினா நாள் பூரா வரும். லித்தியம் வாங்க முடிஞ்சா வாங்குங்க, லெட் பேட்டரி 28 கிலோ கிட்ட இருக்கும், லித்தியம் அதுல பாதி கூட வராது. தனியா போறப்ப பேட்டரிய முன்னாடி வைங்க, இல்லன்னா நீங்க, மோட்டார், பேட்டரி எல்லாம் பின்னாடி சேந்து மூக்கு மேல தூக்கிடும், காத்து அத புடிச்சு சுத்தும். என்ன ஆனாலும் ஒரு ஜோடி துடுப்பு உள்ளயே கெடக்கட்டும்.

கரையோரம்:

எனக்கு ஆறு கிடையாது, ஏரி மட்டும்தான், நாணலும் எறங்கற எடத்துலேர்ந்து ஓரமாவே போனா 300 மீட்டர்குள்ள வந்துடும், நடுவுல கடக்க வேண்டியதில்ல. அதனால தட்டையே எடுத்துக்கறேன். காத்து நாள்ல போக மாட்டேன்.

நேத்து போய் அந்த பழைய 1448ல தண்ணி ஊத்தி பாத்தோம், மூணு ரிவெட் ஒழுகுது, பின்பலகை தட்டினா கட்டியா கேக்குது. எடை மட்டும் இன்னும் போட்டு பாக்கல. உள்ள ஏறி தம்பிய ஒரு ஓரத்துல நிக்க வெச்சு நான் நடுவுல நின்னு சும்மா கைய வீசி பாத்தேன், ட்ரெய்லர் மேல இருந்ததால ஆட்டம் தெரியல, ஆனா எண்ணி பாத்ததுல முன்பக்கம் லைன் மாட்டறதுக்கு அஞ்சு எடம் இருக்கு, ரெண்ட கழட்டிடலாம். ஞாயித்துக்கெழம எடை போட்டு பாத்துட்டு வந்து சொல்றேன்.

உளிச்சத்தம்:

எடை போடறதுக்கு முன்னாடி வடிகால் மூடிய தொறந்து, மூக்க தூக்கி வெச்சு ஒரு ராத்திரி விடுங்க. நேத்து ஊத்தின தண்ணி உள்ளயே நின்னா கணக்கு தப்பா வரும்.