மாரிக்கு முதல் வீடு ஒதுக்கிறது: எதை வைக்கிறது, எதைக் கழிக்கிறது?

குளத்துவெளி (கிளிநொச்சி):
ஐப்பசி மழைக்கு முதல் வீட்டுத்திட்ட வீட்டின்ர ஒரு அறையை ஒதுக்க வேணும். இடம்பெயர்ந்த காலத்துத் தறப்பாள், றங்குப்பெட்டி நிறையக் கடுதாசி, ஈரம் பட்டு ஒட்டின படங்கள், நெளிஞ்ச சட்டிகள், வீட்டுக்குப் பின்னால கோடிக்குள்ள பழைய இரும்பு. அம்மா ஒண்டையும் எறிய விடுறா இல்லை. எங்க தொடங்கலாம்?

பனைவடலி:
கடுதாசிக்கு ஒரு காலை நேரத்தைத் தனியா வையுங்கோ. பின்னேரம் களைச்சுப்போய்ப் பிரிச்சால் தேவையானதும் நெருப்புக்குள்ள போயிடும்.

திரும்ப எடுக்கலாமோ எண்டதுதான் அளவுகோல். பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில எடுக்கலாம். காணிப் பெர்மிட், உறுதி, முகாம் பதிவு அட்டை, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு போனால் பெரிய அலைச்சல். வீட்டில ஆரும் காணாமல் போயிருந்தால் அவையின்ர பேர் உள்ள ஒரு துண்டையும் கழிக்காதேங்கோ.

ஸ்ரேப்பிள், கிளிப் எல்லாத்தையும் கழட்டுங்கோ. கறள் கடுதாசியைத் தின்னும். நிழலில நல்லாக் காயவிட்டு ஒவ்வொண்டா பிளாஸ்ரிக் உறையில போடுங்கோ. லமினேற் வேண்டாம். ஒட்டினால் கழட்டேலாது, உள்ள ஈரம் நிண்டால் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு இறுக்கமான மூடி வாளியில போட்டு உயரத்தட்டில, சுவரில முட்டாமல் வையுங்கோ. கறையான் சுவரோட மண் கோடு இழுத்துத்தான் ஏறும். 2018 டிசம்பர் வெள்ளத்தை நினைச்சால் நிலத்தில வைக்க மனம் வராது.

ஒட்டின ஸ்ரூடியோப் படங்களை இழுக்காதேங்கோ. சுத்தமான பச்சைத் தண்ணியில அரைமணி நேரம் ஊறவிட்டு, ஓரத்தால மெல்லப் பிரிச்சு, முகம் மேல பார்க்கப் பருத்தித் துணியில நிழலில காயவிடுங்கோ. கண்ணாடியில ஒட்டினதை முதல் கண்ணாடியோடயே போனில எடுத்து வையுங்கோ. வீட்டுப் பிரின்ரரில அடிச்ச படத்தைத் தண்ணியில போட்டால் மை கரைஞ்சிடும்.

வயற்கரை:
தறப்பாளைக் கையால தூக்காமல் நீளத்தடியால விரியுங்கோ, மடிப்புக்குள்ள தேளும் புடையன் பாம்பும் கிடக்கும். மூலையை மடிச்சுத் தேய்ச்சுப் பாருங்கோ: வெள்ளைத்தூள் கொட்டினால், வெடிச்சால் கழியுங்கோ. நல்லது நெல் காயவிட உதவும். வளவில குவிச்சால் மடிப்பில நிக்கிற தண்ணியில பத்து நாளுக்குள்ள டெங்கு நுளம்பு வந்திடும்.

சட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கோ. ஊசித்துளை தெரிஞ்சால் பழைய சாமான் வாங்கிறவருக்கு. அலுமினியம், பித்தளை, செம்பை முதலே தனித்தனியா வையுங்கோ. கலந்து குடுத்தால் எல்லாம் இரும்பு விலைக்குத்தான் போகும்.

அம்மாட்ட "எறியவோ?" எண்டு கேட்டால் "வேண்டாம்" எண்டுதான் சொல்லுவா. "எந்த ரெண்டை வைப்பம்?" எண்டு கேளுங்கோ. இடப்பெயர்வு முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிஞ்ச சட்டி எண்டால், ஓட்டையா இருந்தாலும் வைக்க விடுங்கோ.

முறிகண்டிப்பக்கம்:
கோடி இரும்பில கைவைக்க முதல் இதை வாசியுங்கோ. என்னெண்டு தெரியாத உருளை, செட்டை வைச்ச துண்டு, மூடின குழாய் ஏதும் கண்டால் தூக்காதேங்கோ, தட்டாதேங்கோ, இரும்பு வாங்கிறவருக்கும் காட்டாதேங்கோ. அது சண்டைக் காலத்தில வெடிக்காமல் கிடந்த குண்டா இருக்கலாம். கறள் பிடிச்சதால செத்துப்போச்செண்டில்லை, இன்னும் ஆபத்தாகவும் இருக்கலாம். வந்த வழியாலயே திரும்பி, தள்ளி நிண்டு அடையாளம் வைச்சு, பிள்ளையளை மறிச்சுப்போட்டு, விதானையாருக்கோ (கிராம அலுவலர்) பொலிசுக்கோ சொல்லுங்கோ. அவை வந்து எடுக்கும் வரை கோடிப்பக்க வேலையை நிப்பாட்டுங்கோ.