மருத்துவ ஆய்வில் சேர்ந்த அனுபவம் உண்டா? முடிவை உங்களுக்குச் சொன்னார்களா?

தும்பைப்பூ

இரண்டாவது பிரசவம் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தூக்கம் கெட்ட அசதி என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பரிசோதித்தபோது ரத்தசோகை என்றார்கள். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு அடிமட்டத்தில் இருந்தது.

மருத்துவர் சீட்டு எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார். "இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால் நல்லதா, ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் நல்லதா என்று ஓர் ஆய்வு நடக்கிறது. சேர விருப்பமா?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. உலகில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. இத்தனை பேருக்கு வருகிற நோயில் இவ்வளவு எளிய கேள்விக்கு இன்னுமா விடை தேடுகிறார்கள்?

அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு வேளை மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குப் போகும் வாசலை அது சாத்துகிறது. மறுநாள் போடும் மாத்திரை பாதி சாத்திய கதவில் போய் முட்டுகிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இரும்புச் சேமிப்பு குறைந்த 40 பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அடுத்தடுத்த நாட்களிலும் மீதிப் பேருக்கு ஒருநாள் விட்டு ஒருநாளும் மாத்திரை கொடுத்தார்கள். தினமும் சாப்பிட்டவர்களின் உடல் மாத்திரையிலிருந்த இரும்பில் 16.3 சதவீதத்தை உறிஞ்சியது, இடைவெளி விட்டவர்களின் உடல் 21.8 சதவீதத்தை உறிஞ்சியது. ஆனால் அந்தப் பெண்களுக்கு ரத்தசோகை இல்லை. என்னைப் போல ஏற்கெனவே ரத்தம் குறைந்தவர்களுக்கு எது பொருந்தும் என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். கேட்டதும் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு கையேடு கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு கட்டம், மாத்திரை போட்டால் அதில் ஒரு குறி. மூன்றாம் வாரத்தில் மலச்சிக்கலும் வயிற்றுப் பொருமலும் தாங்க முடியாமல் சில நாட்கள் மாத்திரையைத் தொடவே இல்லை. பரிசோதனைக்குப் போக வேண்டிய நாள் காலையில் பயந்துபோய், காலியாகக் கிடந்த கட்டங்களில் எல்லாம் ஒரே பேனாவால் வரிசையாகக் குறி போட்டுக்கொண்டு போனேன். அங்கிருந்த செவிலியர் டப்பாவைக் கவிழ்த்து மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினார். நான்கு கூடுதலாக இருந்தன. என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கையேட்டை என் பக்கம் திருப்பி வைத்து, "விட்டுப்போனதை விட்டுப்போனதாகவே எழுதுங்கள் அம்மா. ஏன் விட்டது என்பதுதான் எங்களுக்கு முக்கியம்" என்றார். நான்கு கட்டங்களை அடித்துவிட்டு, பக்கத்தில் 'வயிற்று வலி' என்று எழுதினேன். கை நடுங்கியது.

ஆய்வு முடிந்து இரண்டு வருடமாகிறது. எந்த முறை சிறந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ரத்தம் கொடுத்தேன், நேரம் கொடுத்தேன், உண்மையையும் கொடுத்தேன். விடை மட்டும் எங்கள் கைக்கு வரவில்லை. உங்களில் யாருக்காவது முடிவு வந்து சேர்ந்ததா?

மழைத்துளி

எனக்கு வந்தது தோழி. கடிதமாக வந்தது. முழுவதும் சொல்கிறேன்.

என் மூத்தவளுக்குக் கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய். முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் தோல் வெடித்து நீர் வடியும். இரவெல்லாம் சொறிவாள். காலையில் தலையணை உறையில் ரத்தப் புள்ளிகள் இருக்கும். இரண்டாவது கருவுற்றபோது, பிறந்த நாளிலிருந்தே தினமும் ஈரப்பசைக் களிம்பு தடவினால் கரப்பான் வராமல் தடுக்க முடியுமா என்று பார்க்கும் ஆய்வில் சேரச் சொன்னார்கள். ஓடிப்போய்ச் சேர்ந்தேன். குலுக்கலில் எங்களுக்குக் கிடைத்தது களிம்பு இல்லாத குழு.

அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். இவனுக்கும் அந்த நோய் வந்தால் அது என்னால் வந்ததுதானே என்று தோன்றியது. இரண்டு முறை தொலைபேசியை எடுத்து, விலகிக்கொள்கிறேன் என்று சொல்லப் போனேன். எந்த நேரத்திலும் விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம் என்று படிவத்தில் எழுதியிருந்தது. அந்த வரி இருந்ததால்தான் நிம்மதியாகத் தொடர்ந்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

பையனுக்குப் பத்தாம் மாதத்தில் கன்னத்தில் சிவந்து கரப்பான் வந்தது. என் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். பிறகு கடிதம் வந்தது. களிம்பு தடவிய குழுவிலும் ஏறத்தாழ அதே அளவு குழந்தைகளுக்குக் கரப்பான் வந்திருக்கிறது, தடுப்புப் பயன் இல்லை என்று எழுதியிருந்தார்கள். நான் சேர்ந்தது சிறிய ஆய்வு. இதே கேள்வியை 1,394 குழந்தைகளிடம் பார்த்த பெரிய ஆய்வு 2020இல் வெளியானது. இரண்டு வயதில் களிம்புக் குழுவில் 23 சதவீதம் பேருக்கும் மற்றக் குழுவில் 25 சதவீதம் பேருக்கும் கரப்பான் இருந்தது. அந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும். தோல் தொற்று களிம்புக் குழுவில்தான் சற்றுக் கூடுதல்.

அந்த ஒற்றைத் தாள் என் நெஞ்சிலிருந்த பாரத்தை இறக்கியது. நான் தடவாததால் வரவில்லை. இது தெரியாமல் போயிருந்தால் காலமெல்லாம் என்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். 'பயன் இல்லை' என்ற முடிவை யாருக்கு அனுப்பி என்ன ஆகப்போகிறது என்று நினைக்கும் ஆய்வாளர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அனுப்புங்கள்.

(வந்த கரப்பானுக்கு ஈரப்பசைக் களிம்பு தேவைதான். என் பிள்ளைகள் இருவருக்கும் இன்றும் தடவுகிறேன். வராமல் தடுக்க அது உதவவில்லை என்பதுதான் செய்தி. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

தனிவழி

நான் மறுத்தவள். மகனுக்குக் காய்ச்சல் வந்து சேர்த்திருந்த இரவில், விடியற்காலை இரண்டு மணிக்கு வந்து கேட்டார்கள். மூளை வேலை செய்யவில்லை, வேண்டாம் என்றேன். "சரி அம்மா" என்று போய்விட்டார்கள். சிகிச்சையில் எந்தக் குறையும் இல்லை. அதே மருத்துவர் அதே முகத்தோடு காலையில் வந்து பார்த்தார். மறுத்தால் கவனிக்க மாட்டார்களோ என்று பயப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வெண்பஞ்சு

தும்பைப்பூ எழுதியதில் மாத்திரை எண்ணும் செவிலியர் வருகிறாரே, அந்த வேலையைத்தான் நான் பதினொரு வருடமாகச் செய்கிறேன். பெரும்பாலும் பிரசவ வார்டில்.

முதலில் சம்மதம் வாங்குவதைப் பற்றி. ஒருமுறை, உடன் வந்தவர்கள் நான்கு பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் விளக்க விளக்க அவர்களே "ஆமாம், ஆமாம், சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அந்தப் பெண் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நான் சொன்னதில் உங்களுக்குப் புரிந்ததை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டேன். அழகாகச் சொன்னார். ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசியில் "எனக்கு விருப்பமில்லை, அவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றார். சொன்னேன். அன்று எண்ணிக்கையில் ஒருவர் குறைந்தார். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைக் கண்ணால் மதிப்பிடுவதுதான் நெடுங்கால வழக்கம். பயிற்சி ஒன்றில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை அளந்து, துணியிலும் பஞ்சிலும் ஊற்றிவைத்து, எத்தனை மில்லி என்று கேட்டார்கள். அனுபவசாலி என்ற துணிச்சலில் 400 என்று எழுதினேன். ஊற்றியிருந்தது 900. 500 மில்லியைத் தாண்டினாலே அபாயமாகக் கொள்ள வேண்டும் என்று மனப்பாடமாகத் தெரிந்த எனக்கே கண் அப்படிப் பொய் சொன்னது. இதுவரை எத்தனை பேருக்குத் தாமதித்திருப்பேன் என்ற நினைப்பில் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அதனால்தான் 2023இல் வந்த முடிவைப் படித்தபோது கண்ணீர் வந்தது. கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சுகப்பிரசவங்கள். தாயின் அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து ரத்தத்தை அளந்தார்கள். கூடுதலாகப் போகிறது என்று கண்டவுடன் கருப்பையைப் பிசைந்துவிடுவது, மருந்துகள், நரம்பு வழித் திரவம், பரிசோதனை என எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேரத் தொடங்கினார்கள். கடும் ரத்தப்போக்கும் அதையொட்டிய பெரும் ஆபத்துகளும் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தன. ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் சில கோடுகளும்!

அந்த மருந்துகளில் ஒன்று டிரானெக்சாமிக் அமிலம். ஜப்பானைச் சேர்ந்த ஒகமோட்டோ தம்பதியர் அதைக் கண்டறிந்து 1962இல் வெளியிட்டார்கள். பிரசவ ரத்தப்போக்கில் அது உயிர் காக்குமா என்று 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் பார்த்து, முடிவை வெளியிட்டது 2017இல். பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் நேரும் மரணம் 1.7 சதவீதத்திலிருந்து 1.2 ஆகக் குறைகிறது என்று தெரிந்தது. திருமதி உட்டாகோ ஒகமோட்டோ அதற்கு முந்தைய வருடம் காலமாகிவிட்டார். முடிவைப் பார்க்காமலே போய்விட்டார் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

தும்பைப்பூ, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மருத்துவ ஆய்வு நெறிகளுக்கு அடிப்படையாக உலகமெங்கும் கொள்ளப்படும் ஹெல்சிங்கி பிரகடனம், ஆய்வின் பொதுவான முடிவுகளைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைப் பங்கேற்பாளர்களுக்குத் தர வேண்டும் என்கிறது. கேட்பது உங்கள் உரிமை. சம்மதப் படிவத்தின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும். அதில் ஆய்வுப் பொறுப்பாளரின் தொடர்பு விவரமும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரமும் இருக்கும். முதலில் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் குழுவுக்கு எழுதுங்கள்.

கல்மண்டபம்

எங்கள் முதல் குழந்தை தண்டுவடம் மூடாமல் உருவாகி, நிலைக்கவில்லை. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். இப்போது பெண் பள்ளிக்குப் போகிறாள். அந்த மாத்திரைக்குப் பின்னால் இருந்தவர்களைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். 1991இல் முடிவு வெளியான ஆய்வு, ஏழு நாடுகள், 1,817 பெண்கள். அத்தனை பேரும் என்னைப் போல முன்பே அப்படியொரு கருவைச் சுமந்தவர்கள். பாதிப் பேருக்கு ஃபோலிக் அமிலம் இல்லாத மாத்திரை, எது யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியாது. மீண்டும் பாதிப்பு வந்த 27 கருக்களில் ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுடையவை 6, எடுக்காதவர்களுடையவை 21. அந்த 21 தாய்மாரை நினைக்காமல் என் மகளின் பிறந்தநாள் கடந்ததில்லை.

எழுதுகோல்

குழந்தை மருத்துவன். "குழந்தைகளிடம் ஆய்வா?" என்று பதறும் பெற்றோரைத் தினமும் பார்க்கிறேன். அந்தப் பதற்றம் நியாயமானது. ஆனால் ஆய்வு செய்யாமலே பழக்கத்தால் கொடுக்கும் சிகிச்சையும் ஒரு சோதனைதான். அதில் யாரும் கணக்கு வைப்பதில்லை, அவ்வளவே.

பயிற்சிக் காலத்தில் காய்ச்சலும், ரத்த ஓட்டம் தளர்ந்துபோகும் அதிர்ச்சி நிலையுமாக வரும் குழந்தைக்கு நரம்பு வழியே வேகமாகத் திரவம் ஏற்றுவது எங்களுக்குக் கை தானாகச் செய்யும் காரியம். யோசித்ததே இல்லை. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. முக்கியப் பிரிவில் 3,141 குழந்தைகள். 48 மணி நேரத்தில், வேகத் திரவம் பெற்ற இரண்டு குழுக்களிலும் இறந்தவர்கள் 10.6, 10.5 சதவீதம். வேகத் திரவம் பெறாத குழுவில் 7.3 சதவீதம். தரவுகளைக் கண்காணித்த சுயேச்சைக் குழு, திட்டமிட்ட எண்ணிக்கை நிரம்பும் முன்பே சேர்ப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது. தீவிர சிகிச்சை வசதி இல்லாத இடங்களில் கிடைத்த முடிவை எல்லா இடத்துக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் திரவக் குழாயைத் திறக்கும் முன் என் கை ஒரு கணம் நிற்கிறது.

இன்னொன்று. ஆஸ்துமா ஆய்வு ஒன்றில் எட்டு வயதுச் சிறுமி. பெற்றோர் கையெழுத்துப் போட்டாயிற்று. குழந்தையின் இசைவையும் கேட்க வேண்டும் என்பது விதி. படம் போட்ட தாளை வைத்து விளக்கினேன். "மூன்றாவது ஊசியின்போது வேண்டாமென்றால் நிறுத்திவிடுவீர்களா?" என்று கேட்டாள். நிறுத்துவேன் என்றேன். மூன்றாவது முறை ரத்தம் எடுக்கப் போனபோது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். ஊசியை மூடித் தட்டில் வைத்துவிட்டேன். அந்த ரத்த மாதிரி எங்களுக்கு மிகவும் தேவைப்பட்டது. அம்மா "ஒன்றுதானே, எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்றார். எடுக்கவில்லை. அடுத்த பரிசோதனைக்கு வந்ததும் அவளாகவே சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

தும்பைப்பூ

எல்லோருக்கும் நன்றி. வெண்பஞ்சு சொன்னபடி பீரோவில் தேடி, மஞ்சளேறிய உறைக்குள் படிவ நகலைக் கண்டெடுத்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் தொடர்பு முகவரி இருந்தது. என் பங்கேற்பாளர் எண்ணைக் குறிப்பிட்டு எழுதினேன்.

இன்று பதில் வந்தது. கணக்கிடும் வேலை முடிந்துவிட்டது, கட்டுரை பரிசீலனையில் இருக்கிறது, பங்கேற்பாளர்களுக்கு எளிய நடையில் ஒரு பக்கக் குறிப்பு அனுப்பத் திட்டமிட்டு அது நின்றுபோயிருந்தது, என் கடிதத்துக்குப் பிறகு அனைவருக்கும் அனுப்பப் போகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். மாத்திரை விட்டுப்போன நாட்களைத் தனியாக ஆராய்ந்தார்களா என்று திரும்பக் கேட்டிருந்தேன். ஆராய்ந்தோம், காரணம் எழுதியவர்களின் கையேடுகள்தான் அதற்கு உதவின என்கிறார்கள்.

தாள் கைக்கு வந்ததும் ஒரு வரி விடாமல் இங்கே தட்டச்சு செய்து போடுகிறேன்.